போட்டோவுல இருக்கிற ரிப்பனை வச்சு ஒரு போர் பைலட்டோட முழு சர்வீஸ் கதையையும் எடுக்கிறது எப்படி

விமானப்படையில வீரப்பதக்கம் வாங்குன ஒருத்தரைப் பத்தி எழுதணும்னு நிறைய பேர் ஆசைப்படுறாங்க, சிலருக்கு சொந்தத் தாத்தா, சிலருக்கு ஊர்க்காரர், சிலருக்கு சின்ன வயசுல பேப்பர்ல பார்த்த பேர். ஆனா எழுதி முடிச்சதைப் படிச்சா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. பிறந்த தேதி, சேர்ந்த வருஷம், வாங்குன பதக்கங்களோட பேர், அப்புறம் நாலு வரி புகழ்ச்சி. அந்த மனுஷன் எந்த நாள், எந்த ஊருக்கு மேல, எந்த விமானத்துல உக்காந்து, என்ன பண்ணினதுக்காக அந்தப் பதக்கம் கிடைச்சுதுங்கிறது மட்டும் இருக்காது. எனக்கு அதைப் பார்த்தா மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா பதக்கம்ங்கிறது ஒரு கதவு மாதிரி, அதைத் திறந்து உள்ள போகாம வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டு வந்துடுறோம்.

அதனால உள்ள போறதுக்கு நான் என்ன வழி பண்றேன்ங்கிறதை இங்க சொல்றேன். உதாரணத்துக்கு ஏர் கமடோர் மெஹர் சிங்கை எடுத்துக்கிறேன். படையில எல்லாரும் அவரை ‘மெஹர் பாபா’ன்னுதான் சொல்வாங்க. அவரை எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. அவர்கிட்ட பிரிட்டிஷ் காலத்துப் பதக்கம் ஒண்ணும் சுதந்திர இந்தியாவோட பதக்கம் ஒண்ணும் இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் எப்படித் தேடணும்னு ஒரே ஆளை வச்சுக் காட்டிடலாம். இன்னொண்ணு, அவர் தலைமையில ஆரம்பிச்ச 6ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படையோட ஒரு படைப்பிரிவு, 1942 டிசம்பர் 1 அன்னிக்கு உருவானது நம்ம திருச்சியில. இது திருச்சிக்காரங்க நிறைய பேருக்கே தெரியாது.

சரி, முதல்ல போட்டோ. கையில யூனிஃபார்ம் போட்ட போட்டோ இருந்தா முகத்தை விட்டுட்டு இடது மார்பைப் பாருங்க. பதக்கங்களுக்கு அடையாளமா குத்துற கலர் துணிப்பட்டைங்கதான் ரிப்பன், அதுங்களுக்கு மேல இறக்கை பேட்ஜ் இருக்கும். ரெண்டு பக்கமும் இறக்கை இருந்தா பைலட், ஒத்தை இறக்கை இருந்தா நேவிகேட்டர், அப்சர்வர், கன்னர் மாதிரி விமானத்துல போற வேற ஆள். இதைக் கவனிக்காம எல்லாரையும் பைலட்னு எழுதிடுறாங்க. கான்பெரா மாதிரி குண்டுவீச்சு விமானத்துல நேவிகேட்டருக்கும் வீரப்பதக்கம் கிடைச்சிருக்கு, அவர் வேலையே வேற, அதை பைலட் கணக்குல எழுதுனா அந்த மனுஷனுக்குத்தான் அநியாயம். அடுத்து சட்டைக் கையில இருக்கிற பட்டைகளை எண்ணுங்க. ஒரு பட்டை இருந்தா ஃபிளையிங் ஆபீசர், ரெண்டு இருந்தா ஃபிளைட் லெஃப்டினன்ட், ரெண்டுக்கு நடுவுல ஒரு ஒல்லிப் பட்டை இருந்தா ஸ்குவாட்ரன் லீடர், மூணு இருந்தா விங் கமாண்டர், நாலு இருந்தா குரூப் கேப்டன், ஒரே ஒரு அகலமான பட்டை இருந்தா ஏர் கமடோர். ஸ்குவாட்ரன் லீடர்னு பதவி இருந்தா ஸ்குவாட்ரனுக்குத் தலைவர்னு அர்த்தம் இல்லீங்க, அது ரேங்க், ஸ்குவாட்ரனை நடத்துறது தனிப் பொறுப்பு.

அப்புறம் ரிப்பன். உங்க கண்ணுக்கு இடது பக்கம் மேல் வரிசையில முதல்ல இருக்கிறதுதான் வரிசைப்படி உசந்தது, அங்கிருந்து வலது பக்கமா, அப்புறம் கீழ் வரிசைக்குப் படிச்சுக்கிட்டே வரணும். கலர் போட்டோன்னா வேலை சுலபம். மகாவீர் சக்ரா பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு, வீர் சக்ரா பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு, பரம்வீர் சக்ரா முழுக்க ஊதா. கருப்பு வெள்ளைப் போட்டோன்னா கொஞ்சம் மெனக்கெடணும். சாய்வா கோடு போட்ட ரிப்பன் தெரிஞ்சா அது பிரிட்டிஷ் காலத்து விமானப்படைப் பதக்கம்னு எடுத்துக்கலாம். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. டி.எஃப்.சி.ங்கிற டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸோட ரிப்பன் ஊதா வெள்ளைச் சாய்வுக் கோடு, ஏ.எஃப்.சி.ங்கிற ஏர் ஃபோர்ஸ் கிராஸோடது சிவப்பு வெள்ளைச் சாய்வுக் கோடு, கருப்பு வெள்ளைப் படத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும். ரெண்டுமே 1918 ஜூன்ல ஆரம்பிச்சதுதான், ஆனா முதலாவது எதிரிக்கு எதிரா பறந்ததுக்கு, ரெண்டாவது எதிரி இல்லாத நேரத்துல பறந்ததுல காட்டுன தைரியத்துக்கும் சேவைக்கும். போட்டோவை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, கெசட்ல, அதாவது பதக்கங்களை அறிவிக்கிற அரசிதழ்ல பார்த்துட்டுதான் எழுதணும்.

ரிப்பன் மேல சின்னதா ரோஜாப் பூ மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. பிரிட்டிஷ் பதக்கத்துல அதுக்கு அர்த்தம் ‘பார்’, அதாவது அதே பதக்கத்தை ரெண்டாவது தடவையும் வாங்கியிருக்கார்னு. இது சாதாரண விஷயம் இல்ல. கருண் கிருஷ்ண மஜும்தார்னு ஒருத்தர், ‘ஜம்போ’ன்னு கூப்பிடுவாங்க, அவருக்கு 1942ல பர்மாவுல லைசாண்டர் விமானத்துல பறந்ததுக்கு டி.எஃப்.சி., அப்புறம் ஐரோப்பாவுக்குப் போய் நார்மண்டி சண்டையில உளவுப் படம் எடுக்கிற வேலையில பறந்ததுக்கு அதுக்கு மேல ஒரு பார். இந்திய விமானப்படையில டி.எஃப்.சி.யோட பாரும் வாங்குனவர் அவர் ஒருத்தர்தான். 1945ல லாகூர்ல விமான விபத்துல இறந்துட்டார். அந்தச் சின்னப் பூவைக் கவனிக்காம விட்டா ஐரோப்பாவுல நடந்த பாதிக் கதையே போயிடும்.

நம்ம நாட்டுப் பதக்கங்கள்லயும் பார் இருக்கு. மகாவீர் சக்ராவை ரெண்டு தடவை வாங்குனவங்க மொத்தமே ஆறு பேர், அதுல விமானப்படைக்காரங்க ரெண்டு பேர். ஒருத்தர் ஜக் மோகன் நாத், 1962லயும் 1965லயும். அவர் ஓட்டுன கான்பெராவுல குண்டு கிடையாது, கேமராதான், எதிரி எல்லைக்குள்ள போய் படம் எடுத்துட்டு வர்றது அவர் வேலை. இன்னொருத்தர் பத்மநாப கவுதம், 1965லயும் 1971லயும், கான்பெரா குண்டுவீச்சுல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி விமானம், ஒரே பதக்கம், அதுவும் ரெண்டு தடவை, ஆனா செஞ்ச வேலை முழுக்க வேற வேற. பதக்கத்தோட பேரை மட்டும் எழுதிட்டு நிறுத்தாதீங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

இப்ப எந்தப் பதக்கம் வீரத்துக்கு, எந்தப் பதக்கம் சேவைக்குங்கிறதைப் பிரிக்கணும், அதிகமா தப்பு நடக்கிற இடம் இதுதான். எதிரிக்கு முன்னால காட்டுன வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. இது மூணும் 1950 ஜனவரி 26 அன்னிக்கு அறிவிச்சது, ஆனா 1947 ஆகஸ்ட் 15ல இருந்தே செல்லும்னு வச்சாங்க, அதனாலதான் 1947, 48 காஷ்மீர் சண்டைக்கு 1950ல பதக்கம் வந்துது. எதிரி எதிர்ல இல்லாத நேரத்துல காட்டுன வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 1952ல ஆரம்பிச்சப்ப இதுக்கெல்லாம் அசோக சக்ரா முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு, மூணாம் வகுப்புன்னுதான் பேரு, 1967லதான் பேரை மாத்துனாங்க. பழைய காகிதத்துல ‘அசோக சக்ரா மூணாம் வகுப்பு’ன்னு இருந்தா அது இன்னிக்கு சௌர்ய சக்ரா, அதைப் போய் அசோக சக்ரான்னு எழுதிடாதீங்க, குடும்பத்துல பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தாலும் நாம சரியா எழுதுறதுதான் அவருக்கு மரியாதை.

அசோக சக்ராவுக்கு உதாரணம் கேட்டா நான் சுஹாஸ் பிஸ்வாஸைத்தான் சொல்வேன், விமானப்படையில அதை முதல்ல வாங்குனவர். 1952 பிப்ரவரியில லக்னோல இருந்து டெல்லிக்கு டெவன்ங்கிற சின்ன விமானத்துல ராணுவத்தோட மூத்த தளபதிகளை ஏத்திக்கிட்டுப் போறார், நடுவானத்துல இன்ஜின்ல தீ, விமானத்தை சண்டிலா பக்கம் வயல்ல இறக்குறார், உள்ள இருந்த எல்லாரும் பிழைச்சாங்க. அதுல பிற்பாடு ராணுவத் தலைமைத் தளபதியா வந்த ஸ்ரீநாகேஷும் திம்மையாவும் இருந்தாங்க. ஒரு குண்டு கூட வெடிக்கல, எதிரின்னு யாரும் இல்ல, ஆனா அந்த சில நிமிஷம் அவர் தடுமாறியிருந்தா நம்ம ராணுவத்தோட வரலாறே வேற மாதிரி போயிருக்கும்.

வாயு சேனா பதக்கத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்க, அது வீரத்துக்கும் தர்றாங்க, கடமை உணர்வோட செஞ்ச சேவைக்கும் தர்றாங்க, எதுக்குன்னு சைட்டேஷனை, அதாவது என்ன பண்ணினதுக்காகப் பதக்கம்னு எழுதியிருக்கிற குறிப்பைப் பார்த்தாத்தான் தெரியும். பரம் விசிஷ்ட், அதி விசிஷ்ட், விசிஷ்ட் சேவா பதக்கம் மூணும் சிறப்பான சேவைக்கானது, வீரத்துக்கு இல்ல. இதுல குழப்பம் எங்க வருதுன்னா அரசாங்க வரிசையில பரம் விசிஷ்ட் சேவா பதக்கம் மகாவீர் சக்ராவுக்கு முன்னால வருது, அதனால ஒருத்தர் பேருக்குப் பின்னால எழுத்துக்களைப் படிக்கிறவங்க முதல்ல இருக்கிறதுதான் பெரிய வீரப்பதக்கம்னு நினைச்சுடுறாங்க. அப்புறம் ஸ்டார்கள், ரக்ஷா பதக்கம், சங்கிராம் பதக்கம், சமர் சேவா ஸ்டார், பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார்னு ஒரு வரிசை இருக்கும், பிரிட்டிஷ் காலத்துல பர்மா ஸ்டார் மாதிரி. இதெல்லாம் அந்தப் போர்க் காலத்துல படையில இருந்தார், ஸ்டார்னா அந்தப் பகுதியிலயே இருந்தார்ங்கிறதுக்கான அடையாளம். வீரப்பதக்கம் இல்லைன்னு இதை ஒதுக்கிடாதீங்க, ஏன்னா தேடுறவங்களுக்கு இதுதான் தங்கம். பர்மா ஸ்டார் இருந்தா கிழக்குல தேடணும், பஸ்சிமி ஸ்டார் இருந்தா 1971ல மேற்குல தேடணும்னு எந்த வருஷம் எந்தத் திசைங்கிறதை அது சொல்லிடும்.

இங்கிருந்து கெசட். பிரிட்டிஷ் காலம்னா லண்டன் கெசட், அதோட பழைய இதழ்கள் எல்லாம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. சுதந்திரத்துக்கு அப்புறம்னா இந்திய அரசிதழ், அதுல முதல் பகுதி முதல் பிரிவுல குடியரசுத் தலைவர் செயலகத்தோட அறிவிப்பா வரும். வீரப்பதக்கங்களுக்குன்னே பாதுகாப்பு அமைச்சகம் ஒரு தனி இணையதளம் வச்சிருக்கு, பேரைப் போட்டாலே சைட்டேஷன் வரும், அங்கிருந்து ஆரம்பிக்கிறதுதான் சுலபம். பழைய லண்டன் கெசட்ல தேடுறப்ப பேரை மட்டும் நம்பாதீங்க. ஸ்கேன் பண்ணின எழுத்தை மெஷின் தப்பா படிச்சிருக்கும், நம்ம பேர்களை வெள்ளைக்காரங்க வேற வேற ஸ்பெல்லிங்ல போட்டிருப்பாங்க. சர்வீஸ் நம்பர் தெரிஞ்சா அதைப் போட்டுத் தேடுங்க, இல்லைன்னா ஸ்குவாட்ரன் நம்பரையும் மாசத்தையும் வச்சுப் பக்கம் பக்கமா புரட்டுங்க, ஒரு சாயங்காலம் போனாலும் பரவால்ல. படையோட பேரும் மாறியிருக்குங்க. 1932 அக்டோபர் 8ல ஆரம்பிச்சப்ப இந்திய விமானப்படை, 1945ல ‘ராயல்’ சேர்த்தாங்க, 1950 ஜனவரி 26ல எடுத்துட்டாங்க. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு ‘ராயல்’னு போட்டுத் தேடலைன்னா ஒண்ணும் கிடைக்காது.

மெஹர் சிங்கை இந்த வழியில தேடினா என்ன கிடைக்குதுன்னு பாருங்க. 1915ல லயல்பூர்ல பிறந்தார், இன்னிக்கு அந்த ஊர் பாகிஸ்தான்ல இருக்கு, பேரும் ஃபைசலாபாத்னு மாறிடுச்சு. 1934ல இங்கிலாந்துல கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குப் போய் 1936ல ஆபீசரா வெளிய வந்தார், அப்ப படையில இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன், அதுலதான் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில வாபிட்டிங்கிற ரெட்டை இறக்கை விமானம், மேல மூடி கூட கிடையாது. ஒரு தடவை பழங்குடிப் பகுதிக்குள்ள விமானம் கீழ இறங்க வேண்டியதாயிடுச்சு, அவரும் பின்னாடி சீட்ல இருந்த துப்பாக்கி வீரர் குலாம் அலியும் பிடிக்க வந்த ஆட்கள் கண்ணுல படாம நடந்தே தப்பிச்சு ராணுவச் சாவடிக்கு வந்து சேர்ந்தாங்க. இந்த மாதிரி விஷயம் பதக்கப் பட்டியல்ல இருக்காது, ஆனா பின்னால வர்ற பதக்கங்களைப் புரிஞ்சுக்க இது வேணும்.

அடுத்தது டி.எஸ்.ஓ., 1944. டி.எஃப்.சி. வேற இது வேற, டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்ங்கிறது பெரும்பாலும் ஒரு படைப்பிரிவைச் சண்டையில நடத்துன தலைமைக்குத் தர்றது. ரெண்டாம் உலகப் போர்ல அதை வாங்குன ஒரே இந்திய விமானப்படை ஆபீசர் இவர்தான். அப்ப நாம கேக்க வேண்டிய கேள்வி, எந்தப் பிரிவு, எங்க, என்ன வேலை. பதில்தான் நம்ம திருச்சியில ஆரம்பிச்ச அந்த 6ஆம் ஸ்குவாட்ரன். ஹரிகேன் விமானத்துல பயிற்சி எடுத்து 1943 கடைசியில காக்ஸ் பஜார் பக்கம் போறாங்க, அங்கிருந்து பர்மாவோட அரக்கான் காட்டுக்கு மேல ரெண்டு ரெண்டு விமானமா பறந்து ஜப்பான் படை எங்க இருக்கு, எந்த ஆத்துல படகு போகுதுன்னு பார்த்துப் படம் எடுத்துட்டு வரணும். அந்த ஜோடிகளை ‘அரக்கான் ட்வின்ஸ்’னு சொல்வாங்க, பர்மாவுல சண்டை போட்ட பிரிட்டிஷ் தரப்புப் படைதான் பதினாலாம் ராணுவம், ஸ்குவாட்ரனுக்கே ‘பதினாலாம் ராணுவத்தோட கண்கள்’னு பேரு வந்துது. உளவு வேலைங்கிறது சண்டை மாதிரி வெளிய தெரியாது, தாழ்வா பறக்கணும், சுட்டாலும் நின்னு திருப்பிச் சுடாம படத்தைப் பத்திரமா கொண்டு வரணும், கொண்டு வரலைன்னா போனதே வீண். ஒரு புது ஸ்குவாட்ரனை அப்படிப் பழக்கி நடத்துனதுக்குத்தான் அந்த ரிப்பன். ‘போர்ல வீரம் காட்டினார், டி.எஸ்.ஓ. வாங்கினார்’னு ஒரு வரியில முடிச்சா இதெல்லாம் எங்க போகும் சொல்லுங்க.

போர்க் காலத்துல லண்டன் கெசட்ல வர்ற சைட்டேஷன் ரொம்ப சின்னதா இருக்கும், 1944, 45 வாக்குல டி.எஃப்.சி. பட்டியல்கள் பல சமயம் வெறும் பேர் மட்டும்தான். அப்ப ரெண்டு இடம் கைகொடுக்கும். லண்டன் பக்கத்துல கியூவுல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல ‘ஏர் 2’ங்கிற வரிசையில பதக்கத்துக்கு மேலதிகாரி எழுதின பரிந்துரைகள் இருக்கு, கெசட்ல வராத விவரமெல்லாம் அதுல கிடைக்கும். ‘ஏர் 27’ங்கிற வரிசையில ஸ்குவாட்ரன்களோட நடவடிக்கைப் பதிவேடு. படிவம் 540ல அன்னிக்கு மொத்தமா என்ன நடந்துதுன்னு இருக்கும், படிவம் 541ல யாரு எந்த விமானத்துல எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினாங்கன்னு வரும். நான் முதல் தடவை ஒரு 541 பக்கத்தைப் பார்த்தப்ப, ஒரு பேருக்கு நேரா கிளம்புன நேரம் இருந்துது, இறங்குன நேரத்துக்கு எதிர்ல ஒண்ணுமே இல்ல, அதுக்கு மேல ரொம்ப நேரம் என்னால படிக்க முடியல.

குடும்பத்துகிட்ட லாக்புக் இருந்தா இது எல்லாத்தையும் விட அதுதான் பெருசு. ஒவ்வொரு பறப்பும், விமான எண்ணும், கூட யாரு இருந்தாங்கன்னும், எத்தனை மணி நேரம்னும் அவர் கைப்படவே எழுதினது. சண்டைப் பறப்புகளையும் ராத்திரிப் பறப்புகளையும் வேற வேற கலர் மையில எழுதுற வழக்கம் இருந்துது, அதனால போட்டோ எடுக்கிறப்ப கலர்லயே எடுங்க, ஜெராக்ஸ் போட்டா அந்த வித்தியாசம் போயிடும். மாசக் கடைசியில போடுற கூட்டலை விட்டுடாதீங்க. ஒரு மாசம் திடீர்னு மணி நேரம் ஏறியிருந்தா அந்த மாசத்துலதான் ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம், கெசட் தேதியில இருந்து பின்னால போய் அந்த மாசத்தைப் பாருங்க.

தேதின்னதும் ஒரு முக்கியமான விஷயம். ஒரு பதக்கத்துக்கு மூணு தேதி இருக்குங்க, செயல் நடந்த நாள், அறிவிச்ச நாள், கையில கொடுத்த நாள். இதை ஒண்ணா போட்டுக் குழப்புறது ரொம்ப சகஜம். நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிற உதாரணம் நம்ம தமிழ்நாட்டுக் குடும்பத்துல பிறந்த அபிநந்தன் வர்தமான். மிக்-21ல பறந்தது 2019 பிப்ரவரி 27, வீர் சக்ரா அறிவிச்சது அதே வருஷம் சுதந்திர தினத்தை ஒட்டி, ராஷ்டிரபதி பவன்ல கையில வாங்கினது 2021 நவம்பர் 22. பறந்தப்ப விங் கமாண்டர், வாங்குறப்ப குரூப் கேப்டன். எந்த ரேங்க் எழுதணும்னா செயல் நடந்த அன்னிக்கு என்னவோ அதுதான், வேணும்னா பிற்பாடு என்ன ஆனார்னு தனியா சொல்லிக்கலாம்.

தேவய்யாவோட கதையில அந்த இடைவெளி 23 வருஷம். ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா, குடகுக்காரர். 1965 செப்டம்பர் 7 அன்னிக்கு 1ஆம் ஸ்குவாட்ரனோட மிஸ்டேர் விமானங்கள் பாகிஸ்தானோட சர்கோதா தளத்தைத் தாக்கப் போச்சு, அதுல இவர் ஸ்டாண்ட்பை, யாராவது போக முடியாமப் போனாத்தான் இவர் போகணும். போனார், திரும்பி வரல. என்ன ஆச்சுன்னு இங்க யாருக்கும் தெரியல, அதனால பதக்கமும் இல்ல. பல வருஷம் கழிச்சு, 1979ல, வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் பாகிஸ்தான் விமானப்படையைப் பத்தி எழுதின புத்தகத்துலதான் விஷயம் வெளிய வந்துது. அன்னிக்கு ஒரு ஸ்டார்ஃபைட்டரை ஒரு மிஸ்டேர் சுட்டு விழுத்தியிருக்கு. ஒலியை விட ரெண்டு மடங்கு வேகத்துல போற விமானம் ஸ்டார்ஃபைட்டர், மிஸ்டேர் அதுக்குப் பக்கத்துல கூட நிக்க முடியாது. பாகிஸ்தான் பைலட் பாராசூட்ல குதிச்சுப் பிழைச்சுட்டார். போன மிஸ்டேர்கள்ல திரும்பாதது தேவய்யாவோடது, அடிபட்ட விமானத்தோட திரும்பி வரப் பார்க்காம எதிர்த்து நின்னு சண்டை போட்டிருக்கார். 1988ல அவர் மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா. எதிர்த்தரப்பு ஆவணத்தையும் தேடுங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான். ஒருத்தரோட கடைசி அஞ்சு நிமிஷத்தைப் பார்த்த சாட்சி எதிரி மட்டுமேவா கூட இருக்கலாம். உங்க ஆளோட சைட்டேஷன்ல ‘எதிரி விமானத்தை வீழ்த்தினார்’னு இருந்தா அந்தத் தேதியில எதிர்த்தரப்பு ஒத்துக்கிட்ட இழப்பு என்னன்னு பாருங்க. ரெண்டும் பொருந்தலைன்னா ரெண்டையும் எழுதுங்க, உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை மட்டும் வச்சுக்காதீங்க.

மறுபடியும் மெஹர் சிங். 1947 கடைசியில அவர் ஏர் கமடோர், ஜம்மு காஷ்மீர்ல விமானப்படையோட குரூப்புக்குத் தலைவர். பூஞ்ச் ஊரை எதிரிங்க நாலு பக்கமும் சுத்தி வளைச்சுட்டாங்க, உள்ள ராணுவமும் ஆயிரக்கணக்கான அகதிகளும், சாப்பாடு இல்ல, குண்டு இல்ல. பிரிகேடியர் பிரீத்தம் சிங்கோட ஆட்களும் ஊர் மக்களும் சேர்ந்து வயலை வெட்டிச் சமன் பண்ணி ஒரு சின்ன ஓடுபாதை போட்டாங்க, அதுல முதல்ல டகோட்டாங்கிற சரக்கு விமானத்தைக் கொண்டு போய் இறக்கினது மெஹர் சிங். கூட உக்காந்து வந்தது பிற்பாடு விமானப்படைத் தலைவரா ஆன சுப்ரதோ முகர்ஜி. பீரங்கி கொண்டு போக வேண்டியிருந்தப்ப ராத்திரியில எண்ணெய் விளக்கு வெளிச்சத்துல இறக்கியிருக்காங்க. சுத்தி மலை, மலை மேல எதிரி, கீழ விளக்கு வரிசை. ஏர் கமடோர்ங்கிறவர் ஆபீஸ்ல மேப் முன்னாடி உக்கார வேண்டிய ஆள், இவர் முதல் விமானத்துல தானே போனார்.

1948 மே 24, லடாக்ல இருக்கிற லே ஊர். அங்க ராணுவம் போய்ச் சேரலைன்னா லடாக் போயிடும்ங்கிற நிலைமை. பொறியாளர் சோனம் நோர்பு ஊர் மக்களோட சேர்ந்து சிந்து நதிக்கரை ஓரமா மணல்ல ஒரு ஓடுபாதை போட்டுக் கொடுத்தார், கடல் மட்டத்துல இருந்து 11,000 அடிக்கு மேல. அதுவரைக்கும் அங்க எந்த விமானமும் இறங்கினதே இல்ல. சோஜி லா, ஃபோட்டு லா கணவாய்களுக்கு மேல, பாதை குறிச்ச மேப் கூட இல்லாம, ஆக்சிஜன் வசதி இல்லாத டகோட்டாவுல மெஹர் சிங் போய் இறங்கினார், கூட திம்மையாவையும் உக்கார வச்சுக்கிட்டு. இதுல ஒரு துப்பாக்கிச் சூடும் இல்ல. ஆனா அந்த இறங்கல்தான் லடாக்கைக் காப்பாத்துச்சு. அந்தக் காஷ்மீர் சண்டைக் காலத்துல செஞ்சதுக்குத்தான் மகாவீர் சக்ரா. சைட்டேஷனைப் படிக்கிறப்ப ‘துணிச்சல்’, ‘முன்மாதிரி’ங்கிற வார்த்தைகளைத் தாண்டி ஊர்ப் பேர், விமானப் பேர், தேதி இந்த மூணுக்கும் கீழ பென்சில்ல கோடு போடுங்கன்னு சொல்றது இதுக்காகத்தான், பூஞ்ச், லே, டகோட்டான்னு மூணு வார்த்தை கிடைச்சாலே மேல சொன்ன அத்தனையும் தேடி எடுத்துடலாம்.

எழுத உக்காரும்போது பதக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. நாள், இடம், விமானம், வேலை, அதுல என்ன தப்பா போயிருக்கலாம், அவர் என்ன முடிவெடுத்தார், அப்புறம் கடைசியில ஒரே வரியில பதக்கம். எதிரி எத்தனை பேர், விமானம் எத்தனைங்கிற எண்ணிக்கை எல்லாம் கெசட்ல இருந்தா மட்டும் எழுதுங்க. கல்யாண வீட்டுல சொல்லிச் சொல்லி ஏறின எண்ணிக்கையை எழுதினா தெரிஞ்சவங்க படிக்கிறப்ப உண்மையா நடந்ததையும் நம்ப மாட்டாங்க. அதே மாதிரி பதக்கத்துக்கு அப்புறம் வந்த வாழ்க்கையையும் விட்டுடாதீங்க. மெஹர் சிங் 1948லயே ராஜினாமா பண்ணிட்டு வெளிய வந்துட்டார், மகாவீர் சக்ரா வந்தப்ப அவர் படையிலேயே இல்ல. 1952 மார்ச்ல சின்ன விமானத்தை ஓட்டிக்கிட்டு ஜம்முல இருந்து டெல்லிக்கு வர்ற வழியில புயல்ல மாட்டி இறந்துட்டார், அப்ப வயசு 37 கூட முழுசா ஆகியிருக்கல. 2018ல விமானப்படை கூட்டமா சேர்ந்து பறக்கிற ட்ரோன்களுக்காக அறிவிச்ச போட்டிக்கு மெஹர் பாபா பரிசுன்னு அவர் பேரைத்தான் வச்சாங்க.

வீட்டுல பதக்கம் இருக்கிறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. அதை எடுத்து விளிம்பைச் சுத்திப் பாருங்க, பல பதக்கங்கள்ல சர்வீஸ் நம்பரும் ரேங்கும் பேரும் பொறிச்சிருக்கும், அந்த நம்பர்தான் எல்லா ஆவணத்துக்கும் சாவி. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்து அழிஞ்சுடும். வெளிச்சம் சாய்வா விழுற மாதிரி வச்சு விளிம்பைப் போட்டோ எடுத்து வைங்க, ரிப்பன் நைஞ்சிருந்தா புதுசு மாத்துறதுக்கு முன்னால பழசையும் ஒரு படம் எடுத்துட்டு பத்திரமா தனியா கவர்ல போட்டு வைங்க. அவரோட கூட வேலை பார்த்தவங்க யாராவது இன்னும் இருந்தா இந்த வாரமே போய்ப் பாருங்க. போறப்ப சைட்டேஷனை பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, ‘அவர் எப்படிப்பட்டவர்’னு கேட்டா நல்லவர்னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க, ‘ஐயா, அன்னிக்குக் காலையில கிளம்புறதுக்கு முன்னாடி என்ன நடந்துது’ன்னு கேளுங்க.